சாத்தே வார்டும் வீங்கிய கால்களும்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன வார்டு இருக்கிறது. ஓய்வு பெறும்வரை நான் அங்கேதான் அட்டெண்டனாக இருந்தேன். அதற்கு இப்போது மறுபடியும் புதுப் பெயர் வைத்திருக்கிறார்களாம். என் இடத்துக்கு வந்திருக்கிற தர்ஷினி போன் போட்டுச் சொன்னாள்.

"அக்கா, போர்டு மாத்திட்டாங்க. இப்ப பேரு ரெண்டு வரிக்கு வருது."

"படி, கேக்கிறேன்."

அவள் படித்து முடிப்பதற்குள் அடுப்பில் இருந்த என் தேத்தண்ணி பொங்கி வழிந்துவிட்டது.

"சரி, கட்டில மாத்துனாங்களா?"

"இல்லக்கா. ஓரத்துக் கட்டில் சக்கரம் இன்னும் இடது பக்கம்தான் இழுக்குது."

"அப்ப ஒண்ணும் மாறல லா" என்றேன்.

அவள் விடவில்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு அந்த வார்டின் சங்கதி எதுவும் தெரியவில்லை, நீங்கள் எழுதித்தான் ஆகவேண்டும் என்று நச்சரித்தாள். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் எழுதினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். இருந்தாலும் என் கையால்தான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல வேறு யாராவது எழுதினால் என்னை அடக்கமான பொம்பளை ஆக்கிவிடுவார்கள். நான் அடக்கமான பொம்பளை இல்லை. அந்த வார்டில் என்னைவிட நன்றாகக் கால் கழுவத் தெரிந்தவர் யாரும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்கு வந்த கதை சின்னது. ரப்பர் மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயம் காலியானது. டவுனுக்கு வந்தோம். ஆஸ்பத்திரியில் ஆள் எடுத்தார்கள், என்னையும் எடுத்தார்கள். பயிற்சி என்றால், ஒரு வயசான மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "இக்குட்" என்றார். மலாயில் பின்னாலேயே வா என்று அர்த்தம். பின்னாலேயே போனேன். சில வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் என் பின்னால் நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் என் படிப்பு.

அந்த வார்டுக்கு முதலில் பெயரே கிடையாது. அது ஒரு நடைபாதை. மேலே வார்டில் கட்டில் கிடைக்காதவர்களைத் தள்ளுவண்டியிலேயே சுவரோரம் வரிசையாகப் போட்டு வைப்போம். பிறகு யாரோ ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டு, இது மோசம், இதற்கு ஒரு பெயர் வைக்கவேண்டும் என்று சொல்லிப் போனார். கவனிப்பு வார்டு என்று பெயர் வைத்தார்கள். அப்போதும் சுவரோரம்தான் கிடந்தார்கள், ஆனால் கவனிப்பில் கிடந்தார்கள். கடைசியில் நடுவில் ஒரு சுவர் எழுப்பி, திரை மாட்டி, 'ஷார்ட் ஸ்டே' என்று ஆக்கினார்கள். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வைத்து வைத்தியம் பார்த்து வீட்டுக்கு அனுப்புகிற வார்டு.

லாபிஸ் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர் காதில் அது 'சாத்தே' என்று, குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டுகிற கறியின் பெயராக, விழுந்துவிட்டது.

"சாத்தே வார்டா? நான் கறி கிறி ஒண்ணும் தொடறதில்லம்மா, சைவம்" என்றார்.

அன்றிலிருந்து தமிழ் ஆட்களுக்கு அது சாத்தே வார்டு. யோசித்துப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். கூரான சாமானால் குத்துகிறோம். திருப்பித் திருப்பிப் போடுகிறோம். எவ்வளவு சிவந்திருக்கிறது என்று அடிக்கடி வந்து பார்க்கிறோம்.

அங்கே அதிகம் வந்தது கால்கள்தான். ஒரு சின்னக் கீறல் வழியாகக் கிருமி தோலுக்கு அடியில் இறங்கி, கால் வீங்கி, சிவந்து, தொட்டால் அனலாய்க் கொதிக்கும். டாக்டர்மார் அதற்கு ஒரு நீளமான பெயர் சொல்வார்கள். நம் ஆட்கள் "கால்ல சூடு இறங்கிருச்சு" என்பார்கள். முன்பெல்லாம் அந்தக் கால்கள் மேலே வார்டுக்குப் போய் வாரக்கணக்கில் படுத்துக்கொள்ளும். இப்போது அப்படி இல்லை. ஊசி வழியாக மருந்து, காலுக்கு அடியில் தலையணை, மறுநாள் சிவப்பு இறங்கினால் மாத்திரையோடு வீடு. நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல மாட்டேன்.

திறப்பு விழாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். ரிப்பன் வெட்ட ஆள் வந்தாச்சு, படம் பிடிக்க ஆள் வந்தாச்சு, சாப்பிடப் பீஹூன் வந்தாச்சு. வீங்கின கால் மட்டும் வரவில்லை. மற்ற நாளெல்லாம் வரிசை கட்டி வருகிற ஜொகூர் ஜனங்கள் அன்றைக்குப் பார்த்து ஒருவர்கூடக் காலை வீங்க வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரி வேன் டிரைவரைப் பிடித்துப் படுக்க வைத்து, நல்ல காலுக்குக் கட்டுப் போட்டு, தலையணை மேல் தூக்கி வைத்தோம். வந்த பெரியவர் குனிந்து, "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். டிரைவர், "ரொம்ப முன்னேற்றம் துவான்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் படம் வெகுகாலம் சுவரில் தொங்கியது.

இனி டாக்டர் ஹஸ்லினாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பிரிவுக்குப் பெரிய டாக்டர் அவர்தான். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. மற்ற டாக்டர்மார் கட்டில் பக்கத்தில் நின்று பேசுவார்கள். இவர் வந்ததும் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியின் பாதத்துக்கும் கீழே முகம் இருக்கிற மாதிரி உட்காருவார். முதலில் நல்ல காலைத்தான் பார்ப்பார்.

"டாக்டர், அது இல்ல, இந்தக் கால்" என்று எல்லோரும் பதறுவார்கள்.

"தாஹு" என்பார். எனக்குத் தெரியும் என்று அர்த்தம். நல்ல கால் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் கெட்ட கால் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பிறகு புறங்கையை இரண்டு காலிலும் மாற்றி மாற்றி வைத்துச் சூடு பார்ப்பார். பிறகு விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். பாதிப் பேருக்குக் கிருமி உள்ளே வந்த வாசல் அங்கேதான் இருக்கும். பத்து பாகாட் டவுன் பேக்டரியில் வேலை செய்த ஒருவர் ஈர பூட்ஸோடு நாள் முழுக்க நின்று, விரல் இடுக்கெல்லாம் வெளுத்து வெடித்து, மாமியார் வீட்டுக்கு வருவது போல அடிக்கடி வந்து போவார். விலை கூடின மருந்தெல்லாம் வாங்கிக்கொள்வார். குளித்துவிட்டு விரல் இடுக்கைத் துடையுங்கள் என்று சொன்னால் மட்டும் முகம் சுண்டிப் போகும். அவருடைய வியாதியை நாங்கள் மட்டம் தட்டுகிறோம் என்று நினைப்பு.

விரல் பார்த்த பிறகு, டாக்டர் தன் கட்டைவிரலை முன்னங்கால் எலும்பின் மேல் வைத்து அழுத்துவார். அழுத்திக்கொண்டே இருப்பார். அப்போது அவர் கண் காலில் இருக்காது, நோயாளியின் முகத்தில் இருக்கும். பிறகு விரலை எடுத்து, குழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில் ஊதா மைப் பேனாவை எடுத்து, சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்திலேயே காலைச் சுற்றி ஒரு கோடு போடுவார். கெண்டைக்கால் பின்பக்கமும் விடமாட்டார். அதற்காகக் குதிகாலை நான் உள்ளங்கையில் தாங்கித் தூக்கிப் பிடிப்பேன். மறுநாள் சிவப்பு கோட்டுக்குள்ளே சுருங்கியிருந்தால் மருந்து கேட்கிறது, வீட்டுக்குப் போகலாம். கோட்டைத் தாண்டியிருந்தால் வேறு பேச்சு. வேலி போட்டுவிட்டு, ஆடு உள்ளே நிற்கிறதா என்று காலையில் வந்து பார்ப்பது மாதிரி.

அவர் பார்ப்பதற்கு முன்னால் கால் சுத்தமாக இருக்கவேண்டும். அது என் பொறுப்பு. ஆயர் ஈத்தாமில் மண் சட்டி வியாபாரம் செய்கிற ஒருவர் முழங்கால்வரை அரைத்த மஞ்சளைப் பூசி, அதன் மேல் வேப்பிலை ஒட்டி, மாரியம்மன் கோயில் கம்பம் மாதிரி வந்து சேர்ந்தார். சிவப்பு எங்கே முடிகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டு, ஊற வைத்து, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்த்தால் தோல் கையோடு வந்துவிடும். முடித்தபோது என் பத்து விரலும் மஞ்சள்.

"தங்கச்சி, இனிமே உனக்கும் கால் வீங்காது" என்றார் அவர்.

இப்போது தர்ஷினி கேட்ட கதைக்கு வருகிறேன். ஆட்களின் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். அவர் ஒரு கோயில் தலைவர் என்பது நிஜம். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஜொகூரில் கோயில் தலைவர்களுக்குப் பஞ்சமா? அவர் மனைவியிடமும் கேட்டுவிட்டேன். "எழுதுங்கக்கா, அவரு பேப்பர்ல சாவு அறிவிப்புப் பக்கம் மட்டும்தான் படிப்பாரு" என்றாள்.

முனியாண்டி என்று வைத்துக்கொள்வோம். லாபிஸ் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை. காட்டில் செம்பனை முள் காலில் ஏறியிருக்கிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். ஆளுக்கு இனிப்புநீரும் உண்டு, சர்க்கரை வியாதி. கால் சிலுவாருக்குள், அதான் கால்சட்டைக்குள், நுழைய மாட்டேன் என்ற பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலையில் மனைவி சரோஜாவோடு வந்து சேர்ந்தார்.

இனிப்புநீர்க்காரர்களை மேலே பெரிய வார்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். அன்று மேலே கட்டில் இல்லை. டாக்டர் ஹஸ்லினா முக்காலியில் உட்கார்ந்து, எல்லாம் பார்த்து, கோடு போட்டுவிட்டு, "இங்கேயே இருக்கட்டும். ஆனால் நாளைக்கு நான் பார்க்காமல் யாரும் இவரை அனுப்பக்கூடாது" என்று சொல்லிப் போனார்.

முனியாண்டிக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோயில் பொதுக்கூட்டம். தலைவர் தேர்தல். அவருக்கு எதிராக நிற்பது வேறு யாரும் இல்லை, சரோஜாவின் கூடப் பிறந்த அண்ணன். நேரில் வராதவர் போட்டியிட முடியாது என்று ஒரு சட்டம் இருக்கிறதாம். அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தவரே முனியாண்டிதான். எதிரணிக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், அவரை ஒழித்துக்கட்டுவதற்காகக் கொண்டு வந்தாராம். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. போனில் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார், வார்டு முழுக்கக் கேட்டது.

"அலமாக்! அட என்னப்பா, நீ ஆள ஏத்திக்கிட்டு வா. சாப்பாடு உண்டுன்னு சொல்லு. கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிச்சது யாருன்னு கேளு. ஆங்... நான் காலையில வந்துருவேன். ஒண்ணுமில்ல, லேசா சுளுக்கு."

காலுக்கு அடியில் நான் வைத்த தலையணையை எடுத்து முதுகுக்கு வைத்துக்கொள்வார். நான் திரும்பக் காலுக்கு வைப்பேன்.

"சேர்மன், கால் மேல இருந்தாத்தான் வீக்கம் வடியும்."

"நான் ஒரு தலைவரும்மா. கால மேல தூக்கி வச்சுக்கிட்டு நாலு பேருகிட்ட பேசினா மரியாதையா இருக்குமா?"

"அவங்க போன்ல இருக்காங்க. உங்க கால் அவங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுதில்ல?" என்றார்.

தலையணையை மறுபடியும் காலுக்கே வைத்தேன்.

ஞாயிறு காலை நான் வேலைக்கு வந்தபோது சரோஜா எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். ஒரு கையில் தோசை டிபன், இன்னொரு கையில் இஸ்திரி போட்ட வெள்ளை ஜிப்பா. கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே கிசுகிசுவென்று பேச்சு. அவர் குரல் ஏறும், அவள் குரல் இறங்கும்.

"உங்கண்ணனுக்காகத்தான் மாட்டேங்கிற" என்று ஒரு தடவை தெளிவாகக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் சரோஜா வெளியே வந்தாள். நான் குழாயடியில் பேசினில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, அந்தப் பெரிய டாக்டரம்மா இன்னிக்குக் கட்டாயம் வருவாங்களா?"

"வருவாங்க."

"வந்தா தொட்டுப் பார்ப்பாங்களா? இல்ல, நின்னமேனிக்குப் பார்த்துட்டுப் போயிருவாங்களா?"

"அவங்க தொடாம போன கால் இந்த வார்டுல இல்லம்மா" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டுத் திரைக்குள் போய்விட்டாள்.

மற்றக் கட்டில்களை முடித்துவிட்டு நான் பேசினோடு போனபோது முனியாண்டி ஜிப்பா போட்டு, நெற்றியில் பட்டை அடித்து, ஆஸ்பத்திரி சாரோங்கோடு உட்கார்ந்திருந்தார். மேலே தலைவர், கீழே நோயாளி. கால் போர்வைக்குள் இருந்தது.

"கழுவ வேணாம். வீட்டுக்காரி தொடச்சு விட்டுட்டா" என்றார்.

எனக்குக் கோபம். என் வார்டில் என் காலை இன்னொருத்தி துடைப்பதா? தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தேன்.

முதலில் சின்ன டாக்டர் வந்தார். பயிற்சியில் இருக்கிற பையன், நல்ல பிள்ளை. ஆனால் கார் பார்க்கிங்கில் கோட்டுக்குள் நிறுத்தியிருக்கிறார்களா என்று பார்க்கிறவர் மாதிரி, நின்றபடியே போர்வையைத் தூக்கிப் பார்த்தார். கோடு இருந்தது. சிவப்பு கோட்டுக்குள் இருந்தது. காய்ச்சலும் இல்லை.

"பாகுஸ், ரொம்ப நல்லது!" என்றார் பிள்ளை. "டாக்டர் ஹஸ்லினா பார்த்ததும் போகலாம் எஞ்சிக்."

முனியாண்டி உடனே போனை எடுத்து வேன்காரனைப் பின்வாசலுக்கு வரச் சொன்னார்.

டாக்டர் ஹஸ்லினா வந்தார். முக்காலியை இழுத்தார். நல்ல காலைப் பார்த்தார். புறங்கையை இரண்டு காலிலும் வைத்தார். விரல் இடுக்குகளைப் பார்த்தார். புண்ணிலிருந்து ஏதாவது வடிகிறதா என்று கேட்பதற்காக,

"அடா டிஸ்சார்ஜ்?" என்றார்.

முனியாண்டிக்குத் தெரிந்த டிஸ்சார்ஜ் ஒன்றுதான்.

"அடா, அடா டாக்டர்! ஹாரி இனி!" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. இருக்கு, இன்னைக்கே!

டாக்டர் சிரிக்கவில்லை. கட்டைவிரலைக் கோட்டின் மேலேயே வைத்து அழுத்தினார். வழக்கம்போல அழுத்திக்கொண்டே முகத்தைப் பார்த்தார். முனியாண்டி சிரித்தபடியே இருந்தார். ஆனால் மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வியர்வை எழும்பியது. டாக்டர் விரலை எடுத்தார். காலில் குழி. கையுறையில் கறுப்பு.

கோட்டில் ஒரு இடம் இழுபட்டு, வால் முளைத்த மாதிரி ஆகிவிட்டிருந்தது.

டாக்டர் இரண்டு விரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிசுபிசுப்பு. மூக்குப் பக்கம் கொண்டு போனார். அவரும் தினம் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு வருகிறவர்தான்.

"இனி செலாக்" என்றார். இது கண்மை.

சின்ன டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. கூட வந்த மிஸ்ஸிக்கும் விளங்கிவிட்டது. பொம்பளைகள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சரோஜாவைப் பார்த்தோம். அவள் தரையைப் பார்த்தாள்.

டாக்டர் ஸ்பிரிட் பஞ்சை வாங்கி, காலைச் சுற்றி ஒரே இழுப்பாகத் துடைத்தார். கறுப்புக் கோடு போய்விட்டது. ஒரு சாண் கீழே, அழித்தும் அழியாமல், அவர் முந்தின நாள் போட்ட ஊதாக் கோடு மங்கலாகத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே கால் பளபளவென்று சிவந்து கிடந்தது. குதிகாலைத் தூக்கிப் பிடி என்று எனக்குச் சைகை காட்டினார். தூக்கினேன். கெண்டைக்கால் பின்பக்கம் ஒரு இடம் நாவற்பழ நிறத்தில் கொப்பளித்திருந்தது.

"யார் போட்டது?" என்றார் டாக்டர்.

நம் தலைவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "அவதான் டாக்டர்" என்று மனைவியைக் கை காட்டினார்.

டாக்டர் கத்துகிறவர் இல்லை. சரோஜாவின் முன் கையை நீட்டினார். அவள் கைப்பையிலிருந்து மைப் பென்சிலை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் இதுதான் வைத்திருக்கிறேன். இது நிற்காதே" என்று மலாயில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சரோஜா அதை வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அறுவை டாக்டரைக் கூப்பிட்டார்கள். உடனே கீறிச் சுத்தம் பண்ணவேண்டும் என்றார்கள். ஜிப்பாவைக் கழற்றும்போது பையிலிருந்து காலியான பனடோல் காய்ச்சல் மாத்திரை அட்டை விழுந்தது. காய்ச்சல் ஏன் தெரியவில்லை என்பதும் அப்போது தெரிந்துபோனது.

"ஓட்டு எண்ணுற வரைக்கும் விடுங்க டாக்டர். போயிட்டு ஓடி வந்துர்றேன்" என்றார் முனியாண்டி.

"ஓடியா?" என்றார் டாக்டர். பிறகு மெதுவாக, "கூட்டத்தைத் தள்ளி வைக்கலாம் எஞ்சிக். காலைத் தள்ளி வைக்க முடியாது" என்றார்.

தள்ளுவண்டியை நான்தான் தள்ளினேன். வாசல் திரும்பும் இடத்தில் அவர் என் கையைப் பிடித்தார்.

"அக்கா, பின்வாசல் பக்கம் தள்ளுங்க. வேன் நிக்குது. உங்களுக்கு ஒரு நாள் உபயமே எழுதி வைக்கிறேன்."

"இந்த வண்டிக்கு அந்த வழி தெரியாது சேர்மன்."

லிப்டுக்குள் போனதும் அவருக்குக் குளிர் எடுத்துவிட்டது. பல் தந்தியடித்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தலைவர் போய்விட்டார், வண்டியில் ஒரு பயந்துபோன மனுஷன் படுத்திருந்தார்.

"அக்கா, கால் இருக்குமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை என்னுடையது இல்லை. ஆனாலும் லிப்டில் வேறு யாரும் இல்லை.

"நேத்து நான் கழுவின கால். அவ்வளவு லேசா போயிடாது" என்றேன்.

போகவில்லை. கெட்டுப்போன சதையையெல்லாம் வெட்டி எடுத்து, காயத்தை மூடாமல் வைத்து, நாள்தோறும் கட்டு மாற்றி, பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அன்றைக்கு வேனில் ஏறிப் போய்ச் சாயங்காலமாகத் திரும்பி வந்திருந்தால் முழங்காலுக்கு மேலே வெட்டுவதைப் பற்றித்தான் பேசவேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் ஹஸ்லினா என்னிடம் சொன்னார். சின்ன டாக்டர் அதற்குப் பிறகு ஒரு முக்காலி வாங்கிக்கொண்டார்.

கூட்டம் நடந்தது. சரோஜாவின் அண்ணன் போட்டியில்லாமல் தலைவர் ஆனார். முதல் தீர்மானம், முன்னாள் தலைவர் சீக்கிரம் குணமடைய விசேஷ பூசை. இரண்டாவது தீர்மானம், வாசல் வளைவில் முன்னாள் தலைவர் பெயரை எடுப்பது. இரண்டும் ஏகமனதாம். புதுத் தலைவர் பழக்கூடையோடும் படம் எடுக்கிற ஆளோடும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் கிடந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து வருத்தப்பட்டார்.

நானும் இடைவேளையில் மேலே போய் அவரைப் பார்ப்பேன். நான் கழுவின கால் இல்லையா? போகும்போதெல்லாம் அவரைச் சுற்றி யாராவது இருப்பார்கள், அவரும் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

"எல்லாம் இவளாலதான்யா. ஒரே ஒரு கோடு போடச் சொன்னேன். உலகத்துல எத்தனையோ பேனா இருக்கு. கண்ணு மையில போட்டு வச்சிருக்கா! கொஞ்சம் அழியாம போட்டிருந்தான்னா இன்னிக்கு நான்தான் தலைவர்."

வந்தவர்கள் சரோஜாவைப் பார்த்து 'த்சோ' கொட்டுவார்கள். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் பிளாஸ்க் கழுவக் குழாயடிக்கு வந்தவளை நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, நிசமாவே வேற ஒண்ணும் கிடைக்கலையா?"

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. கைப்பையைத் திறந்தாள். குங்குமப் பொட்டலம், மடித்த பிளாஸ்டிக் பை, சில்லறை, அதற்கு நடுவில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கறுப்பு மார்க்கர் பேனா.

"கோயில்ல அர்ச்சனைப் பையில பேரு எழுதறது நான்தான்க்கா. எப்பவும் பையிலதான் கிடக்கும். மழையில நனைஞ்சாக்கூட போகாது."

"அன்னிக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

தண்ணீர் பிளாஸ்கில் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடினாள்.

"மாட்டேன்னு சொன்னா அண்ணனுக்காகச் சொல்றேன்னு சொல்லுவாரு. டாக்டர்கிட்ட சொன்னா, காட்டிக் கொடுத்துட்டேன்னு சாகுறவரைக்கும் சொல்லுவாரு. கோடு போடுன்னாரு, போட்டேன். தொடாம போக மாட்டாங்கன்னு நீங்க சொன்னீங்க."

பிளாஸ்க் மூடியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அதற்குள் உள்ளேயிருந்து, "சரோஜா!" என்று சத்தம். புதிதாக யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள். அவள் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இந்தா, இவளையே கேளுங்க" என்றார் முனியாண்டி, வந்தவரிடம். "ஒரு கோடு ஒழுங்கா போடத் தெரியுமா இவளுக்கு?"

சரோஜா நழுவிக் கிடந்த தலையணையை எடுத்து அவர் காலுக்கு அடியில் உயர்த்தி வைத்தாள்.

"தெரியாதுங்க" என்றாள்.